மாமனார் வாட்ச்

வாட்ச் மறுபடியும் நின்றுபோயிருந்தது. டேவிட்சன் அதைக் காதில் வைத்துப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை.

"நாளைக்கு மாமா வாராக. வந்ததும் என் கையைப் பிடிச்சுக் காதுலதான் வைப்பாக."

"வைக்கட்டுமே," என்றாள் ஜெப்ஸி. அவளுக்கென்ன, பெற்ற மகள்.

ஜெப்ஸியின் அப்பா எஸ்றா சார், நாசரேத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வேலை பார்த்த தம்பி கொடுத்த பழைய டைவர் வாட்ச் ஒன்று அவரிடம் இருந்தது. இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும். சார் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை.

கல்யாணத்தன்று அதை மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டு மைக்கில் சொன்னார்: "இதுக்கு பேட்டரி கிடையாது, சாவியும் குடுக்க வேண்டாம். கை ஆடுனா ஓடும். உழைக்கிற கையில நிக்காது. எங்க வீட்டுல இருபது வருஷமா ஓடுன வாட்ச்."

சபையே கைதட்டியது. டேவிட்சனுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

அவனுக்கு வேலை துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏஜென்சி ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால். ஆடுவது வலது கை மட்டும், அதுவும் மவுஸ் நகர்கிற அளவுக்கு. இடது கையில் வாட்ச் சும்மா கிடக்கும். நின்றதைப் பார்த்தால் மாமனார் அவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவார். பிறகு நாசரேத் பக்கம் தலைகாட்ட முடியாது.

அன்று ஆபீசில் மேசைக்கடியில் இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"என்ன டேவிட்சன், இடது கை இழுக்கா?"

"இல்ல சார், வாட்சு..."

"பேசாதீங்க. மூச்சை விடுங்க."

ஆட்டோவில் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பிவிட்டார். அங்கே வாட்சைக் கழற்றி வைத்து, ஆடாமல் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். இதயம் நன்றாக ஓடியது. வாட்ச் ஓடவில்லை.

திரும்பி வரும் வழியில் பரோட்டாக் கடை. மாஸ்டர் மகாராஜன் மாவை வீசிக்கொண்டிருந்தான். அவன் கை ஆடின ஆட்டத்தைப் பார்த்ததும் டேவிட்சனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"மகாராஜா, ஒரு உபகாரம். இன்னைக்கு இதைக் கட்டிக்கிட்டு வீசு."

"எண்ணெய் பட்டுரும் அண்ணாச்சி."

"பட்டா படட்டும்."

மறுநாள் காலையில் போய் வாங்கியபோது வாட்ச் குதிரையாக ஓடியது. ஆனால் இடுக்கெல்லாம் மைதா, எண்ணெய். சால்னா வாசம் வேறு.

"ஓட்டல் மாதிரி மணக்கு. அப்பா கேட்டா என்ன சொல்லுவீக?" என்றாள் ஜெப்ஸி.

இருநூறு மீட்டர் தாங்குகிற வாட்சுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு பொருட்டா? சோப்புப் போட்டுக் கழுவினான். காலையில் நேரம் வைக்கத் தளர்த்திய பக்கத்துத் திருகாணியைத் திரும்ப இறுக்க மறந்துவிட்டான். கண்ணாடிக்குள் பனி மூடியது. முள்ளும் நின்றது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எஸ்றா சாரும் அவர் மனைவி கிருபாபாயும் இறங்கினார்கள்.

சார் செருப்பைக் கழற்றுமுன்னே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் காதில் வைத்தார். டேவிட்சன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினான்.

"நல்லா ஓடுது மாப்பிள," என்றார் சார், டயலைப் பார்க்காமலே. "உழைக்கிற கை."

டேவிட்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் மெதுவாகக் கேட்டான்.

"அத்தை, மாமாவுக்குக் காது மந்தமா? வாட்ச் நின்னுல்லா கிடக்கு."

கிருபாபாய் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் மாப்பிள, தெனமும் நான் அதைக் கட்டிக்கிட்டு ஆட்டுக்கல்லுல மாவாட்டுற வரைக்கும் ஓடுச்சு, உங்க கல்யாணத்துக்கு முந்தி கிரைண்டர் வாங்குனதும் நின்னுபோச்சு, அதான் உங்க தலையில கட்டிட்டாக."