ஏழாம் அத்தியாயத்தை நீக்கக் கோரி

நல்லம்பள்ளி,
14.02.2025

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு, முன்னாள் ராணுவ எழுத்தர் மாதவராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம். தாங்கள் அதைவிட நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் போர் எதிர்ப்பு நாவலிலிருந்து ஏழாம் அத்தியாயத்தை அருள்கூர்ந்து நீக்கிவிடவும். காரணத்தை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்; நடந்தது வரிசையாக இல்லை. ஏழாம் அத்தியாயத்தை மட்டும் கையெழுத்தாகவே தங்களுக்கு அனுப்பிவிட்டு, மீதியைக் கணினியில் ஏற்றக் கொடுத்தேனா, ஏற்றிய சுகுணா, "சண்டைக் கதைன்னுட்டு ஒருத்தரைக்கூடச் சுடலீங்களே சார்? நானே நாலு பேரைப் போட்டுட்டேன்" என்றாள். அந்த நால்வரையும் பிழைக்க வைக்க இரண்டு நாள் ஆயிற்று. போரில் நான் காப்பாற்றிய உயிர்கள் அவைதான். அதற்குள் அவள் ஊரெல்லாம் சொல்ல, ஊர் இளைஞர் மன்றத்து மதியழகன் பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் கட்டிவிட்டான். அதில் நான் பீரங்கி மேல் உட்கார்ந்திருக்கிறேன். பீரங்கியை நான் தொட்டதுகூட இல்லை. வெளியீடு, என்னோடு போருக்கு வந்து இறந்த எங்கள் ஊர்த் தீர்த்தகிரியின் நடுகல் முன்பாம். முதல் பிரதி அவன் மனைவி காசியம்மாளுக்காம்.

சிக்கல் அங்கேதான். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் தீர்த்தகிரி என் கண்ணெதிரே பயந்து ஓடினான். முதுகில் குண்டு பாய்ந்தது. வயது இருபத்து மூன்று. உடலை அங்கேயே எரித்தோம். அன்று போட்டிருந்த சட்டை முதல் சீப்பு வரை ஒன்று விடாமல் பட்டியலிட்டு, பெட்டியில் அடுக்கி, ஊருக்கு அனுப்பினேன். கூடவே, "நெஞ்சில் குண்டேந்தி வீழ்ந்தான்" என்று ஒரு கடிதம். ஊர் அந்த வரியைக் கல்லில் வெட்டிவிட்டது. ஐம்பத்து மூன்று வருடமாகக் காசியம்மாள் அந்தக் கல்லுக்குப் பொட்டு வைக்கிறார். உண்மையை ஏழாம் அத்தியாயத்தில் மட்டுமே எழுதியிருக்கிறேன். அதை எடுத்தால் மிஞ்சுவது முன்னுரையும் பனிமூட்டமும்தான். பரவாயில்லை.

தங்களுக்கு நோயற்ற உடம்பும் பிழையற்ற அச்சும் என்றும் வாய்க்கட்டும்.

பணிவுடன்,
மாதவராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் பசை இல்லை. அடுத்த வீட்டுக் காசியம்மாளிடம் இரண்டு சோற்றுப் பருக்கை கேட்டேன். "யாருக்குங்கண்ணா கடுதாசி?" என்றார். அவரிடம் இரண்டாம் முறை பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பருக்கையை நசுக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கே தெரியுமுங்க. சட்டையும் அனுப்புனீங்களே, அதுல முன்னாடி ஓட்டையே இல்ல. கதை எழுதறவருக்குப் பொய்யை ஒழுங்கா மடிச்சு வெக்கத் தெரியலியே!"

"பின் ஏன் கேட்கவில்லை?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தீங்க." நசுக்கிய பருக்கையை என்னிடம் நீட்டி, "ஓடுனவரு எங்க ஓடியிருப்பாரு? வூட்டுக்குத்தான? அதைப் போயி எடுக்கச் சொல்றீங்க" என்றார்.

ஆகவே ஏழாம் அத்தியாயம் இருக்கட்டும். அதன் கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்கவும்: அவன் வீட்டுக்கு ஓடினான்.