காலியாக வராத டப்பா

ஒரு நாளைக்கு ஒரு தப்பு. அதற்கு மேல் சொல்லக் கூடாது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போதே இந்த வரலாற்று முடிவை எடுத்துவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுடலைக்கண்ணன். காட்கோபரில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் படித்துத் தப்பு சொல்வது என் வேலை. பதினாறு வருட சர்வீஸ். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர் தான் எழுதியதை அவசரமாக மறுபடி படிப்பார். இதெல்லாம் ஆபீசில்தான். தாராவியில் எங்கள் வீட்டில் நான் யாருக்கும் தப்பு சொன்னது கிடையாது. அங்கே கேட்டுக்கொள்வதுதான் என் இலாகா.

ஜூலையில் மகள் பானுமதி புனேயில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். அவளோடு வீட்டின் சத்தமும் போய்விட்டது. எனக்கும் என் மனைவி மாரிசெல்விக்கும் நடுவே ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் மிஞ்சியது. சாப்பிட வாறீங்களா. சிலிண்டர் புக் பண்ணீங்களா. கதவப் பூட்டியாச்சா. மூன்றுமே அவள் சொல்வது. என் பங்கு மூன்று 'ம்'.

இந்த நிலைமையில் அவள் செம்பூரில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். சனி ஞாயிறுகளில் மர்யம் டீச்சர் என்பவர் பெண்களுக்குப் புரோகிராமிங் சொல்லித்தரும் வகுப்பு. நான் எதிர்க்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. ஒரே மாதம்தான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று பானுமதி விட்டுப்போன பழைய லேப்டாப்பை என் முன்னால் வைத்து, தான் ஒரு விளையாட்டு எழுதியிருப்பதாகவும் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டாள். படம் கிடையாது, பாட்டு கிடையாது. திரையில் எழுத்து வரும். நாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

விளையாட்டின் பெயர் டப்பா. பக்கத்து வீட்டு ரஞ்சனாவுக்கு நாம் ஒரு டப்பா நிறையக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருக்கிறோம். டப்பா இன்னும் திரும்பவில்லை. அதை வாங்கியாக வேண்டும். ஆனால் வாய் விட்டுக் கேட்கக் கூடாது. ஒன்றைத் தட்டினால் நேரே போய்க் கேட்கலாம். கேட்டால், 'மானம் போயிற்று, ஆட்டம் முடிந்தது' என்று வரும். இரண்டு, கொழுக்கட்டையில் வெல்லம் சரியாக இருந்ததா என்று விசாரிப்பது. மூன்று, ரஞ்சனா வீட்டு டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் தற்செயலாக நிற்பது.

நான் ஆடிப் பார்த்தேன். பிறகு உள்ளே எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு தப்பு இருந்தது. போனில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன்.

ஆபீசாக இருந்தால் நாற்பத்தொன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி, எழுதியவரை அழவைத்திருப்பேன். வீட்டில் மாதிரிக்கு ஒன்றை மட்டும் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் மாரிசெல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாண வீடியோவில்கூட அவள் அவ்வளவு நேரம் என்னைப் பார்க்கவில்லை. கூடவே இன்னொன்றும் சொன்னாள். விளையாட்டு நன்றாக அமைந்துவிட்டால், புது வகுப்புக்குச் சொல்லித்தர மர்யம் டீச்சர் தன்னையே கூப்பிடுவாராம்.

எனக்குத் திக்கென்றது. தப்பெல்லாம் தீர்ந்தால் விளையாட்டு தீர்ந்துவிடும். விளையாட்டு தீர்ந்தால் இவள் டீச்சராகிவிடுவாள். நான் பழையபடி 'ம்' சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத விஷயம் இது ஒன்றுதான். அதை ஒரே மூச்சில் கொட்டிவிட நான் என்ன மடையனா? அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு தப்பு. ஞாயிறு விடுமுறை.

திட்டம் அமோகமாக நடந்தது. எட்டு மணி லோக்கல் ரயிலையே சீக்கிரம் என்று நினைத்தவன், ஆறேகால் லோக்கலில் தொங்க ஆரம்பித்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் லேப்டாப் திறந்திருக்கும், பக்கத்தில் டீ இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டுடன் மாரிசெல்வி இருப்பாள். நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வாள். நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்துக்கொள்வது எனக்குப் புது அனுபவம்.

ஒரே சிக்கல், அவள் தப்பைத் தப்பென்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"கையில மைனஸ் ஒரு டப்பான்னு வருது பாரு" என்றேன் ஒரு நாள். "அப்படி ஒரு டப்பா உலகத்துலயே கிடையாது."

"மேல் மாடி அக்கா டப்பா நம்மகிட்ட கெடக்குல்லா, போன தீவாளியிலருந்து. அதான் மைனஸ்."

நான் டீயைக் குடித்துவிட்டு அந்தத் தப்பை வாபஸ் வாங்கினேன். மறுநாள் இருப்பதிலேயே பெரிய தப்பை எடுத்தேன். டப்பா காலியாகத் திரும்பி வரும்வரை ஆட்டம் சுற்றிச் சுற்றி, லூப்பாக, ஓட வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஆனால் அவள் விளையாட்டில் டப்பா காலியாகவே வராது. கொழுக்கட்டை போனால் ஷீரா என்கிற ரவைக் கேசரி வரும். ஷீராவுக்குப் பதில் சுண்டல் போகும். சுண்டலுக்குப் பதில் பொஹா என்கிற அவல் உப்புமா வரும்.

"ஏட்டி செல்வி, இது நிக்க மாட்டேங்கு."

"எது?"

"ஆட்டம். எண்ணூறு நாள் ஓடிட்டு. ரஞ்சனா இன்னும் பொஹா குடுத்துக்கிட்டே இருக்கா."

"காலி டப்பாவ யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? சும்மா பேசாதீங்க."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்லா."

"தெரியலன்னா தெரிஞ்சுக்கிடட்டும்."

"ஆட்டம்னா ஒரு எடத்துல முடியணும், செல்வி."

"பதினோரு வருசமா எனக்கும் ரஞ்சனாவுக்கும் டப்பா போயிட்டு வருது. முடிஞ்சுட்டா? முடிஞ்சா நல்லாவா இருக்கும்?"

பதினாறு வருட சர்வீசில் இப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் ஆனது. சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருந்தோம். லூப்பில் தொடங்கி, ரஞ்சனாவின் மாமியார், பானுமதியின் ஹாஸ்டல் சாப்பாடு, எனக்கு எப்போதோ வந்த தலைசுற்றல் என்று எங்கெங்கோ போனது. சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. நடுவில் சில விசித்திரங்கள் நடந்தன. என் போன் பட்டியலில் இல்லாத தப்புகள் சில முளைத்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் இலவசமாகச் சொன்னேன். முதல் வாரத்தில் சொல்லிச் சரிசெய்த தப்பே ஐந்தாம் வாரத்தில் திரும்பி வந்து நின்றது. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்றைக்குக் கூடுதல் பொறுமையோடு, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குள் இவ்வளவு நல்லவன் ஒருவன் இருப்பது எனக்கே தெரியாது.

போன சனிக்கிழமைதான் இடி விழுந்தது. ஞாயிறு மூன்று மணிக்கு வகுப்பில் விளையாட்டை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டும் நாள் என்று மாரிசெல்வி சாதாரணமாகச் சொன்னாள். நான் போனை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் நான் சொன்னது முப்பது. சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தது பதினொன்று. அதில் ஒன்று, யாராவது எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் விளையாட்டே பொத்தென்று விழுந்துவிடும். முப்பது பெண்கள் முன்னால் அவள் விளையாட்டு விழும். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பதற்காக அந்த ஆளையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவள் ஒரு டப்பா சுண்டலோடு ரஞ்சனா வீட்டுக்குப் போனாள். ரஞ்சனா மராத்தியில் 'வஹினி', அதாவது அண்ணி, என்று வாய் நிறையக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அரை மணி நேரத்துக்குக் குறைந்து விடமாட்டாள். லேப்டாப் திறந்தே இருந்தது. பதினொன்றையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவது, அவளுக்குத் தெரியவே கூடாது என்று உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு விளையாட்டு இல்லை, இரண்டு இருந்தன. ஒன்றின் பெயர் 'டப்பா'. இன்னொன்றின் பெயர் 'டப்பா அவங்களுக்கு'.

நான் தினமும் பார்த்தது இரண்டாவது. முதலாவதைத் திறந்தேன். எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினேன். 'ரஞ்சனாவுக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று பணிவாக வந்தது. வரி வரியாகத் தேடினேன். பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. நாற்பத்தொன்றிலும் ஒன்றுகூட இல்லை. நிற்காத அந்த லூப் மட்டும் அப்படியே இருந்தது. அதன் தலையில், 'இது தப்பு இல்லை' என்று எழுதியிருந்தாள். கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தேன். எனக்குக் காட்டிய ஒன்பதாவது நாள்.

அந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குறிப்பு ஃபைல் இருந்தது. தலைப்பு, 'தப்பு அட்டவணை'.

'அவங்க போன்ல நாப்பத்தொண்ணு எழுதி வச்சுட்டு தெனம் ஒண்ணுதான் சொல்லுதாங்க. ஒரு நாள் தீந்துரும். தீராமப் பாத்துக்கிடணும்.'

அதற்குக் கீழே நாள்வாரியாக இருந்தது.

'திங்கள்: சின்னத் தப்பு போதும். ஆபீஸ்ல மீட்டிங், களைச்சு வருவாங்க.'

'வியாழன்: பெரிய தப்பு. தலைவலின்னாங்க. பேச ஆரம்பிச்சா சரியாயிரும்.'

'வெள்ளி: முதல் வாரம் சொன்ன தப்பையே திரும்பப் போடணும். மறந்துட்டேன்னு நெனச்சு பிரியமாப் பேசுவாங்க.'

மூன்றாவது வாரச் சனிக்கிழமைக்கு நேரே கொஞ்சம் நீளமாக இருந்தது. 'மர்யம் டீச்சர் புது வகுப்ப எங்கிட்டக் குடுத்துட்டாங்க. வீட்டுல அவங்க தெனம் சொன்ன தப்ப எழுதுன நோட்டுதான் எனக்குப் பாடம். வீட்டுல இப்ப சொல்ல வேண்டாம். தப்பு கண்டுபிடிக்கிற சந்தோசத்துல இருக்காங்க.'

அப்படியானால் இன்றைக்கு மூன்று மணிக்கு விளையாட்டைக் காட்டப்போவது இவள் இல்லை. இவளுடைய மாணவிகள். என் மனைவி டீச்சராகி இரண்டு வாரம் ஆகிவிட்டது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்து முடிந்த அந்த இரண்டு வாரத்தில்தான் நான் வாழ்நாளிலேயே அதிகம் பேசியிருக்கிறேன்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கண்தான் கலங்கியது. பட்டியலில் பாதிக்கு மேல் படித்திருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் மூடிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் டீ போட்டது மூன்று தடவை. இது நாலாவது. தண்ணீர் கொதிக்க வைத்தேன். இஞ்சியைத் தட்டிப் போட்டேன். தூளைப் போட்டேன். பாலை ஊற்றி, பொங்கி வழிவதற்குள் அணைத்து, வடிகட்டி, இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். மாரிசெல்வி திரும்பி வந்த டப்பாவை மேஜையில் வைத்தாள். உள்ளே ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி இருந்தது.

அவள் ஒன்றும் கேட்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கும் ஒரு தடவ பாத்துருவோம், செல்வி" என்றேன். "இன்னும் கொஞ்சம் தப்பு இருக்கும் போலருக்கு."

"இருக்கும்" என்றாள். "நீங்க எதையும் கடைசி வரைக்கும் பாக்கணும். பாதியில மூடிரப்பிடாது."

டீயைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வகுப்புக்குச் சேலை மாற்ற உள்ளே போனாள். அவள் சொன்னது என்னவோ மாதிரி இருந்தது. நான் மறுபடி லேப்டாப்பைத் திறந்து அட்டவணையின் கடைசி வரிக்கு இறங்கினேன்.

'ஞாயிறு: ரஞ்சனா வீட்டுக்குப் போறப்ப லேப்டாப்ப மூடக் கூடாது. இதப் பாப்பாங்க. பாத்ததாக் காட்டிக்கிட மாட்டாங்க. டீ போடுவாங்க. சீனி போட மறந்துருவாங்க. நான் குடிச்சிருவேன்.'

என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சீனி இல்லை.