டெல்லிக்குப் போகும் ஜெர்கின்

"இது பத்தாதுங்க. கையவே வுட முடியாது."

பலராமன் ஆசை ஆசையாக வாங்கி வந்த ரோஸ் ஸ்வெட்டரை மனைவி ஜோதி உடம்பில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கவரோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"போட்டுப் பாக்காமலே எப்டி சொல்ற?"

"டெல்லில ஒண்ணுமேல ஒண்ணா போடணுமாம். பெருசா வாங்கிக்கினு வாங்க. ரோஸ் வேணாம், அழுக்காயிடும். கருநீலம் பாருங்க."

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் ஜோதி லைன் லீடர். அந்தக் கம்பெனிக்கு நாடு முழுக்க உள்ள பிளான்ட்டுகளிலேயே அவள் லைன்தான் இந்த வருடம் முதலிடம். விருது வாங்க அவளை டெல்லிக்கு அனுப்புகிறார்கள், அதுவும் விமானத்தில். பென்னலூரில் இது தெரியாத ஆள் கிடையாது. பலராமன் யாரையும் விட்டுவைக்கவில்லை. டீக்கடையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட, "டெல்லில இப்ப குளிரு எப்டி சார் கீது?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான்.

மறுநாள் பெரிய கருநீல ஸ்வெட்டர் வந்தது. ஜோதிக்குத் திருப்தி. ஆனால் காற்று உள்ளே புகுந்துவிடுமாம். மேலே ஒரு ஜெர்கின் வேண்டுமாம்.

"கடையில நீங்களே போட்டுப் பாருங்க. உங்களுக்கு கரெக்டா இருந்தா, ஸ்வெட்டருக்கு மேல எனக்கும் கரெக்டா இருக்கும்."

ஸ்ரீபெரும்புதூர் கடையில் ஜெர்கினைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிப் பார்த்தான். கச்சிதம். ஆனால் ஏறிய ஜிப் இறங்கவில்லை. கடைக்காரர் இழுத்தார். இழுப்புப் பட்டை அவர் கையோடு வந்துவிட்டது.

"வூட்டுக்குப் போயி எண்ணெ போடுண்ணே, வந்துரும்."

உச்சி வெயிலில் ஜெர்கினோடு வண்டி ஓட்டியவனைக் கூட்ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"இன்னாய்யா, இந்த வெயில்ல ஜெர்கின்? உள்ள இன்னா வெச்சிகினு கீற? கழட்டு."

"கழட்ட வராது சார்."

"ஏன் வராது?"

"என் சம்சாரம் டெல்லி போறாங்க சார்."

போலீஸ்காரரின் சந்தேகம் இரண்டு மடங்கானது. பலராமன் விருதிலிருந்து விமானம் வரை விளக்கினான். அவரும் ஜிப்போடு போராடிப் பார்த்துத் தோற்றார்.

"சரி, அந்தம்மாவ நான் விசாரிச்சேன்னு சொல்லு. போ."

வியர்வை காலணிக்குள் வழிந்தாலும், போலீஸே நலம் விசாரித்த பெருமையில் பலராமன் நிமிர்ந்து வண்டியை எடுத்தான்.

வீட்டில் தேங்காயெண்ணெய் ஊற்றியதும் ஜிப் இறங்கியது. இப்போது ஜெர்கினில் தலைக்கு எண்ணெய் தேய்த்த வாசனை.

கிளம்பும் நாளில் பெட்டியை ஜோதியே அடுக்கி மூடிவைத்திருந்தாள். பலராமன் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா ஜோதி, ஒரு ஆளு துணியா இது? இந்தக் கனம் கனக்குது!"

"குளிர் ஊருங்க. ஜெர்கினுக்கு மட்டும் எடமில்ல. ஏர்போர்ட் வரிக்கும் நீங்க போட்டுக்கினு வாங்க."

ஸ்வெட்டருக்கும் இடமில்லை என்றாள். பலராமன் அதையும் போட்டு, அதற்கு மேல் ஜெர்கினையும் மாட்டிக்கொண்டு, கம்பெனி காரில் ஏசியைக் கூட்டச் சொல்லியபடியே மீனம்பாக்கம் வந்து சேர்ந்தான். முன்சீட்டில் இருந்த ஹெச்.ஆர். சுபஸ்ரீ வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

விமான நிலைய வாசலில் பலராமன் கண்ணாடிக் கதவை அண்ணாந்து பார்த்தான். அவன் வீட்டில் யாரும் இந்தக் கதவைத் தாண்டியதில்லை. இன்று ஜோதி தாண்டப் போகிறாள், அவளுடைய சொந்தக் கைவேலைக்காக.

"நல்லபடியா போயிட்டு வா. மேடையில தலைய குனியாத, இன்னா?"

சொல்லிக்கொண்டே ஜெர்கினின் ஜிப்பை இறக்கினான். ஜோதி சுபஸ்ரீயைப் பார்த்தாள்.

சுபஸ்ரீ பதறிப்போய் அவன் கையைத் தடுத்தாள்.

"கழட்டாதீங்க சார்! உங்களுக்கும் சேத்துத்தான் டிக்கெட் போட்டிருக்கோம், டெல்லில எறங்குனா உங்களுக்குக் குளிராதா?"