இடது பக்கம் இழுத்த கார்

என் ஆல்பத்தில் ஒரு சின்ன வெள்ளைக் காரின் புகைப்படம் இருக்கிறது. அதன் பின்புறம் என் கையெழுத்தில் எழுதியிருப்பது இது: "ஞாயிறு, மாலை. முன் சக்கரங்கள் இரண்டும் புத்தகத்தில் சொன்ன கோணத்துக்குத் திருப்பப்பட்டன. இடது பக்க இழுப்பு முற்றிலும் நீங்கியது." ஊறுகாய் ஜாடிக்குக்கூடத் தேதி ஒட்டி வைக்கிறவன் நான். இதற்கு மட்டும் ஆண்டு போடவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பது வரை நிச்சயம். (வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துவிட்டது, சட்டைப்பைக்கு செல்போன் வரவில்லை.) "முற்றிலும்" என்ற சொல்லுக்குக் கீழே பெருமையாக ஒரு கோடு வேறு. அந்தக் கோட்டை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு ரேஸ் கார் பைத்தியம். சொந்தமாக இருந்த வாகனம் சைக்கிள். லஸ் நடைபாதையில் பழைய வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளை வாங்கிப் படித்து, கண்ணால் பார்த்திராத கார்களைப் பற்றியெல்லாம் அசைக்க முடியாத கருத்துகள் வைத்திருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணக் கார்களையும் ஓட்ட விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தலைகால் புரியவில்லை. காருக்குச் சித்தப்பாவைப் பிடித்தேன்.

சித்தப்பா மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். ஒரே கார். கூரையில் பெயர்ப்பலகை, முன்னும் பின்னும் சிவப்பு 'எல்', பக்கத்து இருக்கையின் காலடியில் ஆசிரியருக்கென்று தனி பிரேக். ஸ்டியரிங்கை விட்டால் கார் இடது பக்கம் இழுக்கும். வலது பக்கம் லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

"எடுத்துண்டு போ. ஆனா திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு, அதுல கௌரியும் போறா. எடுத்தது எடுத்தபடியே கொண்டுவந்து விடணும்" என்றார்.

கௌரி என் அக்கா. பெருங்குடியில் பள்ளி ஆசிரியை. ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் தோற்றிருந்தாள். அவள் வீட்டில் ஒரு பழைய ஃபியட் நின்றது; அவள் கணவரான அத்திம்பேரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்தத் தரமும் லைசென்ஸ் வரலேன்னா வண்டிய குடுத்துடப் போறேன்" என்று அத்திம்பேர் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி, பெருங்குடி குப்பைமேட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகும் அக்காவுக்கு அந்தத் திங்கட்கிழமை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் காரை எடுத்துப்போனேன்.

தெருவில் ஓடும் காரின் சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். டிராக்கில் ஓட்டுவதற்கு, முன் சக்கரங்களின் தலை கொஞ்சம் உட்பக்கம் சாய்ந்து, மூக்கு துளி வெளிப்பக்கம் பார்த்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். இது பத்திரிகை சொன்னது. அடையாறில் நாங்கள் இருந்த குடியிருப்பின் கார் ஷெட்டில் நான்கு ஸ்டூல் போட்டு, காரின் இரு பக்கமும் நூல் கட்டி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைச் சக்கரத்தின் மேல் தொங்கவிட்டு அளந்தேன். போல்ட் துளையை அரத்தால் அகலப்படுத்திச் சக்கரத்தைச் சாய்த்தேன். கை கழுவி வருவதற்குள் மாடிவீட்டு மாமி அந்த நூலில் துண்டு காயப்போட்டிருந்தார். திரும்ப அளந்தேன்.

டிராக்கிற்கு என் நண்பன் சலீமும் வந்தான். தி.நகரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. தைரியசாலி என்று நினைத்து முன் இருக்கையில் உட்காரவைத்தேன். அங்கேதான் அந்த இரண்டாவது பிரேக் இருந்தது.

முதல் வளைவில் கார் அம்புபோல் திரும்பியது. உடனே நின்றது.

"டேய், ஏன்டா மிதிச்ச?"

"நான் மிதிக்கல மச்சி. காலு தானா போவுது."

"காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கோ!"

"வெச்சா கீழ வுழுந்துருவேன் மச்சி!"

எல்லா வளைவிலும் இதே கதை. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையும் முதுகில் 'எல்'லும் சுமந்து, வளைவுக்கு வளைவு நின்று நின்று போன எங்களை முந்தியவர்கள் எல்லோரும் தாராளமாக விலகிப் போய்க் கையசைத்தார்கள். ஒருவர் ஜன்னலை இறக்கி, "பாத்துப் போம்மா" என்றார். (நான் ஆண் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.)

மாலையில் திரும்பி வந்து சக்கரங்களைப் பழையபடி வைக்க உட்கார்ந்தேன். இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. பழையபடி என்றால் அந்த இழுப்போடா? சே! காரோடு வந்த கையேட்டுப் புத்தகம் சொன்னபடி இரு பக்கமும் சமமாக வைத்து, கடற்கரைச் சாலையில் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தேன். நொச்சிக்குப்பம் தாண்டும்வரை கோடு போட்டதுபோல் ஓடியது. சித்தப்பாவுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. புகைப்படம் எடுத்துப் பின்னால் குறிப்பு எழுதினேன்.

மறுநாள் டெஸ்ட். நீளமான நேர்த்தெரு. எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை, வெளியே பெஞ்சு. அத்திம்பேர் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அக்கா உட்கார்ந்தாள், பக்கத்தில் டெஸ்ட் வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர். கார் கிளம்பியது. வாரக்கணக்காகப் பழகிய அவள் கை, ஸ்டியரிங்கை வழக்கம்போல் வலது பக்கம் லேசாகப் பிடித்தது. எதிர்த்து இழுக்க இப்போது கார் தயாராக இல்லை. சொகுசாகத் தெருவைக் கடந்து, டீக்கடை பெஞ்சை நோக்கிப் போயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்தார்கள். இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"நான் நேராதான் சார் போறேன்!"

அடுத்து சித்தப்பாவின் இன்னொரு மாணவர், வங்கி அதிகாரி. அவரும் அதே டீக்கடைக்குப் போனார். மூன்றாவதாக ஏறியவர் கிளம்புவதற்கு முன்பே டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்: "இன்னா நைனா, அல்லாரும் இங்கயே வந்துகினு கீறீங்க? பெஞ்சை எடுத்துர்ட்டா?" எடுத்தார். நல்லவேளை. மூன்றாமவர் பெஞ்சு இருந்த இடத்தில் போய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் தாமே ஓட்டிப் பார்த்தார். கார் நூல் பிடித்தாற்போல் போய்வந்தது. "வண்டி நேராதான் சார் போவுது. உங்க ஆளுங்கதான் டீ குடிக்கப் போறாங்க" என்றார் சித்தப்பாவிடம்.

சித்தப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "டேய் ரகு. என்னடா பண்ணினே?"

"இழுப்பை எடுத்துட்டேன் சித்தப்பா."

"உன்னை யாருடா எடுக்கச் சொன்னா? கத்துக்கறவா பயந்தா முதல்ல ஸ்டியரிங்கைத்தான் விடுவா. விட்டா வண்டி பிளாட்பாரத்துக்குப் போகணுமா, எதிர்ல வர பஸ்ஸுக்குப் போகணுமா? அதுக்காக நானே மெக்கானிக்கிட்ட சொல்லி வெச்ச இழுப்புடா அது!"

அத்திம்பேர், "அப்ப ஃபியட்டைக் குடுத்துடலாம்" என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், இத்தனை நாளா இடது பக்கம் இழுக்கற வண்டியில கத்துண்டேன். நேத்து என் தம்பி அதை நேராக்கிட்டான். இன்னும் ஒரே ஒரு தரம் குடுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். "சரி, பெஞ்சுதான் எடுத்தாச்சே. ஏறுங்க" என்றார். (பெஞ்சை எடுத்த அந்த டீக்கடைக்காரருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.)

கிளம்பியதும் கார் பழையபடி வலது பக்கம் சாய்ந்தது. "நேரா! நேரா வெச்சுக்கோ!" என்று அக்கா தன் கைகளையே அதட்டியது தெருக்கோடி வரை கேட்டது. கார் நடுத்தெருவில் தயங்கியது, திரும்பியது, நேரானது. தெருமுனை வரை போய் வளைந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. இன்ஸ்பெக்டர் தாளில் 'பாஸ்' என்று எழுதினார். இறங்கி வந்தவள் அத்திம்பேரிடம் கையை நீட்டினாள். அவர் ஃபியட் சாவியைக் கொடுத்தார்.

ஃபியட்டில் அவள் பல வருடம் பெருங்குடிக்குப் போய்வந்தாள். அதன் பானெட்டைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை. இன்றும் அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நான் நிமிர்த்தப் போனால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "அதைத் தொடாதேடா! எல்லாருக்கும் பழகிப்போச்சு!"

குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அந்த இழுப்பு தாம் திட்டமிட்டு வைத்தது என்று சித்தப்பா கடைசிவரை சாதித்தார். "திட்டமாவது! கச்சேரி ரோடு முனையில பிளாட்பாரத்துல ஏத்தி இடிச்சார். அன்னிலேர்ந்துதான் இழுக்கறது" என்பது சித்தியின் வாக்குமூலம். உண்மை தெரிந்தவர் ஆதம்பாக்கத்தில் கடை வைத்திருந்த அந்த மெக்கானிக் ஒருவர்தான். தேடிப் போனபோது கடை இருந்த இடத்தில் வேறு கட்டடம் நின்றது. அவர் எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, இடித்ததா, வைத்ததா என்பது இந்த வரி எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.