நியூக்ளியோலஸுக்குப் பந்தல் போட்டவன்

அன்று திண்டிவனத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தவர்கள்: வெளியூர்த் தேர்வாளர், நான், நண்பர்கள் மூவர், அப்புறம் ‘பந்தல்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த வகுப்புத் தோழன். இல்லாதவர்: பந்தலின் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே ஆத்மாவான எங்கள் பேராசிரியர். மகள் நிச்சயதார்த்தத்துக்காக விழுப்புரம் போயிருந்தார்.

உலகத்தில் எதைக் காட்டினாலும் அதில் ஒரு பந்தலைப் பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். சனி, ஞாயிறில் கல்யாணப் பந்தல் போடப் போவான். ஒருமுறை விடுதியில் என் கொசுவலையைக் கட்டித் தந்தான். மறுநாள் காலை பிளேடால் அறுத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள்.

“நியூக்ளியோலஸ் என்பது ஒரு பந்தல்” என்று சொல்லியே செல் உயிரியல் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தான். இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால், விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பேசி வைத்திருந்த வேலையும் போய்விடும். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் அவன், நாங்களும் அப்படியே. அதனால் நாங்கள் நால்வரும் அவன் மேசையை விட்டு நகரவில்லை.

வெங்காய வேர் நுனியில் நியூக்ளியோலஸைக் காட்ட வேண்டும். பந்தல் வேரை நசுக்கிச் சாயம் போட்டான். சாயத்தில் பச்சையாகும் செல்லின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் ரோஜா நிறப் பொட்டாகத் தெரியும். ஆனால் வெங்காய வேர் என்றாலே பிரிகிற செல்லைத் தேடிப் பழகிய கண் அவனுக்கு. பழக்க தோஷத்தில் அப்படி ஒன்றையே நுண்ணோக்கியில் நிறுத்தி, “ரெடி சார்” என்றான்.

தேர்வாளர் பார்த்தார். “எங்கப்பா நியூக்ளியோலஸ்?”

பந்தல் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. “இல்லீங்க சார். பிரிச்சிட்டாங்க.”

“டேய், வாணாண்டா” என்று நான் முனகினேன்.

“யாரு பிரிச்சது?”

“செல்லுதான் சார். ரெண்டா ஆவப் போவுது. பந்தலை வச்சிக்கினு எப்படி சார் ஊட்டைப் பிரிக்கறது?”

“பந்தலா?”

“ஆமாங்க சார். உட்கருவுக்கு ஜவ்வு இருக்குது, இதுக்கு இல்ல. நாலு பக்கமும் தொறந்துதான் கெடக்கும். நடுவுல டி.என்.ஏ. குந்திக்கினு இன்னா செய்யணும்னு சொல்லும். அதை ஒட்டி ஆர்.என்.ஏ. ரெடியாவும். ஓரத்துல, வெளியேர்ந்து வந்த புரோட்டீனைச் சேத்து ரைபோசோமை ரெண்டு துண்டாக் கட்டி அனுப்பிடுவாங்க. துண்டு ரெண்டும் வெளிய போய்த்தான் ஜோடி சேரும்.”

“சரி, பிரிச்ச பந்தலை மறுபடி எங்க போடுவாங்க?”

பந்தல் ஸ்லைடை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான்.

“இந்தாங்க சார். பாகம் பிரிச்சாச்சு. ரெண்டு ஊட்டுலயும் புதுசாப் போட்டுக்கினு இருக்காங்க.”

தேர்வாளர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். புதிதாகப் பிரிந்த இரண்டு உட்கருக்களிலும் குட்டிக் குட்டியாய் ரோஜாப் பொட்டுகள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். “உங்க புரொபசர் எங்கப்பா?”

“ஊட்ல நிச்சயதார்த்தங்க சார். பந்தல் நம்மளுதுதான்.”

மதிப்பெண் தாளை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பிக் காட்டினார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

வராந்தாவில் நாங்கள் நால்வரும் அவனைத் தோளில் தூக்கினோம். அவன் இரண்டு கையையும் உயர்த்தினான். மேலே இருந்த டியூப் லைட் சுக்குநூறானது. அபராதம் இருநூற்று இருபது ரூபாய். அவனைத் தூக்கிக் கொண்டாட அது ரொம்ப மலிவு.