விமான நிலையத்தில் ஒரு பெரட்டு

மலேசியாவில், எங்கள் கோலா பிலா வட்டாரத்திலேயே ஆளை எண்ணாமல் சோற்றில் கை வைக்காத ஒரே மனிதர் எங்கள் பெரட்டு மண்டோர்தான். மண்டோர் என்றால் கங்காணி. ரப்பர் தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். முப்பது வருஷம் எடுத்த மனிதர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கல்யாணப் பந்தியில் எடுப்பார். கோயில் பஸ்ஸில் எடுப்பார். ஒரு சாவு வீட்டில் படுத்திருந்தவரையும் சேர்த்து எண்ணிவிட்டு, ஓர் ஆள் கூடுதே என்று குழம்பினார்.

அவரோடு ஒரே விமானத்தில் திருச்சிக்குப் போகும் கிரகம் எனக்கு வாய்த்தது. அவருக்குப் பழனி வேண்டுதல். எனக்கு அக்கா. திருச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சீக்கிரம் வந்து முகம் பாருங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி பேர் முதல் எல்லாவற்றையும் மண்டோரிடம் சொல்லிப் புலம்பியிருந்தேன்.

விமான நிலையத்துக்குப் போனால், சுமத்ராவில் எரிமலை வெடித்து, சாம்பலால் எல்லா விமானமும் ரத்து.

"எங்க தப்பு இல்ல அங்கிள், இயற்கை" என்றது கவுண்டரில் இருந்த பெண்.

"எரிமலைக்கு நீ பொறுப்பில்லம்மா. எங்க வயித்துக்கு நீதான் பொறுப்பு. சாப்பாடு, படுக்க ரூம், அடுத்த பிளைட்ல சீட்டு, மூணும் குடுக்கணும். ரூல்ஸ்ல இருக்குலா!" என்று மண்டோர், மகளிடம் சொல்லி அச்செடுத்து வாங்கி வந்த விமானப் பயணி விதிகளைச் சட்டைப்பையிலிருந்து உருவினார்.

அதோடு விட்டாரா? சாப்பாடு ஒருவருக்கும் விட்டுப்போகக் கூடாதென்று, நூற்றுச் சொச்சம் பயணிகளையும் வரிசையில் நிறுத்திப் பேர் எழுதிப் பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். கோட்டுப் போட்ட கம்பெனிக்காரர்கூடக் கை தூக்கினார். சீனத்து அம்மா ஒருவர் தமிழ் புரியாமலே "இருக்கேன்" என்றார்.

என் பேரையும் கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அவ்வளவு வெட்கம். நைசாகக் கவுண்டருக்குப் போய், டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டேன். மண்டோர் ஓடி வந்தார்.

"தம்பி, சைன் வைக்காத! காச வாங்கிட்டா நம்மள கை கழுவிருவான்லா. சீட்டு கேளு!"

"சும்மா இருங்க மாமா, மானம் போவுது. நான் வேற கம்பெனியில வாங்கிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டேன். அவர் வரிசைக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

வேறு கம்பெனிகளில் நிற்கவும் இடமில்லை. மறுநாள் மாலையே சாம்பல் விலகி, காத்திருந்த அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அந்த விமானம் பறந்தது. எனக்கு ஐந்தாம் நாள்தான் டிக்கெட் கிடைத்தது. மூன்றாம் நாள் அக்கா கண்ணை மூடிவிட்டாள்.

திருச்சியில் இறங்கி வெளியே வந்தால், மண்டோர் நிற்கிறார். மனிதர் பழனிக்கே போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைசிவரை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா என்னைக் கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு. தம்பி வந்துட்டான்மா, கீழ சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"பசியோட வந்திருப்பான், மெதுவா சாப்பிடட்டும்னுச்சு."

மானம் போகிறதென்று அவரைச் சொன்ன நான், அத்தனை ஜனங்களுக்கு நடுவே, சின்னப் பிள்ளைபோல அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.