ஓடிப்போன சிப்பாய்களுக்கு முறைப்படி விடுப்பு

ஒரு போர்ப்படத்தின் முடிவுக்கு என்ன அர்த்தம் என்று தீர்மானிக்கத் தணிக்கைக் குழு கூடியது. கடைசிக் காட்சியில் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுப் பனிமூட்டத்துக்குள் நடந்து மறைகிறார்கள். அவ்வளவுதான் படம்.

"எங்கே போறாங்க?" என்றார் தலைவர்.

"தெரியாது சார்," என்றார் இயக்குநர். "பார்க்கிறவங்கதான் யோசிக்கணும்."

"அவங்க யோசிக்கணும்னா நாங்க எதுக்கு?" தலைவருக்கு உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது.

"ஓடிப்போற மாதிரி இருக்கு," என்று உறுமினார் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற கர்னல்.

"நடந்துதானே சார் போறாங்க?" என்று குழைந்தார் தயாரிப்பாளர். இயக்குநருக்குப் பெண் கொடுத்த மாமனாரும் அவர்தான். படம் பெட்டிக்குள் முடங்கினால் வீட்டில் மாப்பிள்ளை மரியாதையும் முடங்கும்.

அப்போது, அலுவலக விதிகளைக் கரைத்துக் குடித்த உறுப்பினர் அம்மையார் திருவாய் மலர்ந்தார்: "லீவு வாங்கிட்டுப் போனா அது ஓட்டம் இல்லையே!"

எல்லா முகங்களும் மலர்ந்தன, இயக்குநருடையதைத் தவிர.

"லீவு கொடுக்கவேண்டிய கேப்டன் இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டாரே மேடம்!"

"பிழைக்க வைங்க."

"குண்டு நெஞ்சுல பாஞ்சிருக்கு!"

"தோள்ல பாயட்டும்."

"அப்ப அவர் பொண்டாட்டி ஒரு பாட்டு முழுக்க அழுறாளே?"

"வெங்காயம் நறுக்கட்டும்."

கர்னலுக்கு ஒரு கவலை. "ஆளாளுக்கு லீவுல போயிட்டா எதிரி உள்ளே வந்துடமாட்டானா?"

தலைவர் கண்களை மூடி ஆழ்ந்து சிந்தித்தார். "எதிரிக்கும் லீவு கொடுத்துடலாம்."

இப்படியாகப் போர் இனிதே முடிந்தது. போர் இல்லாததால், குடும்பத்தோடு காணத்தக்க படம் என்று சான்றிதழும் கிடைத்தது. "தலையாட்டித் தொலைங்க மாப்பிள்ளை," என்று மாமனார் விலாவில் இடித்தார். மாப்பிள்ளை ஆட்டினார்.

படம் வெளியான நாள், முதல் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. திரையில் கேப்டன் விடுப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டதுதான் தாமதம், தலைவர் முதல் கடைசி வரிசை வரை சடசடவென்று எழுந்தார்கள்.

இயக்குநர் பதறிப்போய் ஒருவரை மறித்தார். "முடிவு பார்க்கலையா சார்?"

"முடிவு எங்கே ஓடிடப்போகுது? நெரிசலுக்கு முன்னாடி வண்டியை எடுக்கணும், வழி விடுங்க."

"பாத்தீங்களா மாமா அநியாயத்தை!" என்று திரும்பினார். மாமனாரின் இருக்கை காலியாக மடங்கி ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு சிப்பாய்கள், கையில் விடுப்பு உத்தரவோடு, பனிமூட்டத்தை நோக்கி நடந்தார்கள். இயக்குநர் அவர்களைப் பாவமாகப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து ஓடினார். அவர் வந்ததே மாமனார் காரில்தான்.